சட்டைப் பையில் ஒரு கத்தி

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில் என் கைப்பை தனியே ஒதுக்கி வைக்கப்பட்டது. சீருடை அணிந்த இளைஞர் ஒருவர் பையைத் திறந்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் கிடந்த மடக்குக் கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தார். விரல் நீளமே உள்ள கத்தி. எருமைக் கொம்பால் ஆன பிடி, ஒரே ஓர் அலகு. பயணங்களின்போது அதைச் சரக்குப் பெட்டியில் வைத்துவிடுவது என் வழக்கம். அன்று அவசரத்தில் மறந்துவிட்டேன். தவறு என்னுடையதுதான்.

"இது எதுக்கு சார்?" என்று அவர் கேட்டார். குரலில் கடுமை இல்லை; வியப்பு இருந்தது. தலை நரைத்த ஒருவர் பையில் கத்தியோடு திரிவானேன் என்ற வியப்பு. "பழம் நறுக்க" என்றேன். அவர் தலையசைத்துவிட்டுக் கத்தியை ஒரு தொட்டிக்குள் போட்டார். அங்கே ஏற்கெனவே கத்தரிக்கோல்களும் திருப்புளிகளும் தீப்பெட்டிகளும் கிடந்தன. கால் நூற்றாண்டாக நாள்தோறும் என்னுடன் இருந்த ஒரு பொருள் ஒரு நொடியில் குப்பையாயிற்று.

"பழம் நறுக்க" என்ற என் விடை பொய்யல்ல. ஆனால், முழுமையானதும் அல்ல. அந்த இளைஞரின் கேள்வி அதன்பின் பல நாள்கள் என்னைத் தொடர்ந்து வந்தது. ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் கோடிக்கணக்கானோர் கைக்குட்டையைப் போல இயல்பாக எடுத்துச் சென்ற ஒரு கருவி, இன்று 'எதற்கு?' என்று கேட்கப்படும் பொருளாக மாறியது எப்படி? பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இது வெறும் பழக்கவழக்கம் சார்ந்த கேள்வியன்று. சில ஊர்களின் வாழ்வும் தாழ்வும் இதில் அடங்கியிருக்கின்றன.

எளிய கருவியின் நுட்பம்

மரபான மடக்குக் கத்தியில் பொத்தானும் இல்லை, பூட்டும் இல்லை. பிடியின் முதுகுப் பக்கம் ஓர் எஃகுப் பட்டை ஸ்பிரிங்காக அமைந்திருக்கும். அலகின் அடிப்பகுதி அந்த ஸ்பிரிங்கின்மேல் உருண்டு திரும்பும். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் ஸ்பிரிங்கின் அழுத்தமே அலகை நிறுத்தி வைக்கிறது. அலகின் பக்கவாட்டில் நகம் பதிக்க ஒரு சிறு குழி இருக்கும். அதில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தால் அலகு திறக்கும். முழுமையாகத் திறந்ததும் 'டக்' என்று ஓர் ஒலி கேட்கும். அந்த ஒலியைக் கேட்டே கத்தியின் தரத்தைச் சொல்லிவிடும் அன்பர்கள் உண்டு.

இவ்வளவுதான் கருவி. ஆனால், அலகு நடுவில் நேராக நிற்கவும், மூடும்போது ஸ்பிரிங்கில் மோதி முனை மழுங்காமல் இருக்கவும், பிடிக்கும் பித்தளைத் தகட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரியாமல் பொருந்தவும் தேர்ந்த கை வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கத்தி தளர்ந்து ஆடும். அல்லது திறக்கவே முடியாதபடி இறுகிவிடும்.

பழைய கத்திகள் பெரும்பாலும் கார்பன் எஃகால் ஆனவை. அவை துருப்பிடிக்கும். எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கினால் அலகு கறுக்கும். நாளடைவில் அந்தக் கறுப்பு நீலமும் சாம்பலும் கலந்த நிறமாகப் படிந்து, அலகை ஓரளவு துருவிலிருந்து காக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, எப்போதாவது மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். கவனித்தால் தலைமுறைகள் தாண்டி உழைக்கும். கவனிக்காவிட்டால் ஒரு மழைக்காலத்தில் பாழாகும்.

ஷெஃபீல்டின் முத்திரை

என் முதல் மடக்குக் கத்தியை விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில், 1980-களின் நடுவில், சென்னையில் ஒரு நடைபாதைக் கடையில் வாங்கினேன். சிவப்புப் பிடி, அதன்மேல் வெள்ளைச் சிலுவை. சுவிட்சர்லாந்துக் கத்தி என்று நம்பினேன். ஒரு மாதத்தில் ஸ்பிரிங் முறிந்தது. அது போலி. விற்பவருக்குத் தெரிந்த தரம் வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிச் சீர்குலையும் என்பதை ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையைக் கொண்டு வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்த நான், அதே பாடத்தைக் கைக்காசு கொடுத்துக் கற்றேன்.

இந்தச் சிக்கலுக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தீர்வு கண்டிருந்தது. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவிஞர் சாசர் தம் கதையொன்றில் ஷெஃபீல்டுக் கத்தியைக் குறிப்பிடும் அளவுக்கு அவ்வூர் அப்போதே பெயர் பெற்றிருந்தது. 1624-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வழியே ஹாலம்ஷயர் கத்தித் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. தொழில் பயில்வோரைச் சேர்ப்பது, தரத்தைக் கண்காணிப்பது, ஒவ்வொரு கைவினைஞருக்கும் உரிய முத்திரையைப் பதிவு செய்வது ஆகியவை அதன் பணிகள். அலகின் அடியில் அடிக்கப்பட்ட அந்தச் சிறு முத்திரை, 'இதற்கு நான் பொறுப்பு' என்ற வாக்குறுதி. இன்று நாம் வணிகக்குறி என்று சொல்வதன் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று.

டான், ஷீஃப், போர்ட்டர், ரிவெலின், லாக்ஸ்லி என்ற ஐந்து ஆறுகளின் வேகமான நீரோட்டம் சாணைக்கற்களைச் சுழற்றியது. 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் எஃகு உருக்கும் முறையைக் கண்டறிந்தபின் உயர்ந்த எஃகு உள்ளூரிலேயே கிடைத்தது. அலகை அடித்து உருவாக்குபவர் ஒருவர், சாணை பிடிப்பவர் மற்றொருவர், பிடி பொருத்திக் கோப்பவர் வேறொருவர் என வேலை பிரிந்தது. இவர்களுள் பலர் பெரிய ஆலையின் கூலியாள்கள் அல்லர். ஓர் அறையையோ, சாணைக்கல்லின் முன் ஓர் இருக்கையையோ வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகத் தொழில் செய்தவர்கள். உள்ளூர்ப் பேச்சில் அவர்களுக்கு 'லிட்டில் மெஸ்டர்' என்று பெயர். சிறிய மாஸ்டர் என்று பொருள்.

ஒரே தொழிலைச் செய்வோர் ஓரிடத்தில் நெருங்கி வாழும்போது திறன் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தானாகவே பரவுகிறது. துணைத் தொழில்கள் பக்கத்திலேயே முளைக்கின்றன. தேர்ந்த ஆள்களுக்கு எப்போதும் வேலை கிடைக்கிறது. ஆல்ஃபிரட் மார்ஷல் விளக்கிய தொழில் வட்டாரக் கோட்பாட்டின் சாரம் இதுவே. அதற்கு ஷெஃபீல்டைவிடப் பொருத்தமான சான்று அரிது. நம் திருப்பூரையோ சிவகாசியையோ அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பெருமையை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. சாணைக்கல்லின் தூசியை மூச்சில் வாங்கிய தொழிலாளர்கள் நுரையீரல் நோயால் இளம் வயதிலேயே மடிந்தார்கள். ஏங்கெல்ஸ் 1845-இல் வெளியிட்ட நூலில் ஷெஃபீல்டுச் சாணைத் தொழிலாளர்களின் அற்ப ஆயுளைப் பற்றி எழுதியிருக்கிறார். அழகிய பழங்கத்தி ஒன்றைக் கையில் எடுக்கும்போது, அதன் பளபளப்புக்கு யாரோ ஒருவர் தம் மூச்சை விலையாகக் கொடுத்திருக்கக்கூடும் என்பதையும் நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

பழக்கம் மறைந்த கதை

1994-இல் ஒரு கருத்தரங்குக்காக இங்கிலாந்து சென்றபோது ஷெஃபீல்டுக்குப் போனேன். உலகம் முழுவதும் கத்தி அனுப்பிய நகரத்தில் மடக்குக் கத்தி செய்யும் பட்டறைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றார்கள். ஒரு கடையில் ஒரே மாதிரியான இரண்டு கத்திகளை வாங்கினேன். நேரான வெட்டுவிளிம்பும், நுனியில் ஆட்டுக்குட்டியின் குளம்பு போலச் சரிந்த முதுகும் கொண்ட அலகு. அந்நாட்டு விவசாயிகளும் இடையர்களும் விரும்பிய மரபான வடிவம் அது. ஒன்று கையாள்வதற்கு, மற்றொன்று பாதுகாப்பாக வைப்பதற்கு. விமான நிலையத்தில் இழந்தது அந்த முதல் கத்தியைத்தான்.

இயந்திரமும் மலிவான இறக்குமதியும் ஷெஃபீல்டின் கைத்தொழிலை அழித்தன என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, தேவை மறைந்துபோனது. பேனாக்கத்தி என்ற சொல்லையே பாருங்கள். இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பயன்பட்டதால் அப்பெயர் வந்தது. உலோக முனை வந்ததும் அந்த வேலை போயிற்று. பென்சில் சீவும் வேலையைச் சிறிய சீவுகருவி எடுத்துக்கொண்டது. சணல் கயிற்றால் கட்டிய பொதிகளுக்குப் பதிலாக ஒட்டுநாடா வந்தது. புகையிலை நறுக்குவதும் குதிரைச் சேணத்தின் வாரை ஒட்டறுப்பதும் அன்றாட வேலைகளாக இல்லாமல் போயின. எஞ்சிய வேலைகளைப் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் பேப்பர் கட்டர் செய்கிறது. மழுங்கினால் அலகை ஒடித்து எறிந்துவிடலாம்.

ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே பார்த்தால் நல்லதே. எல்லாம் சேர்ந்தபோது ஒரு பழக்கம் மறைந்தது. எடுத்துச் செல்லாதவர் வாங்குவதில்லை. வாங்குபவர் இல்லாதபோது தொழில் பயில இளைஞர் வருவதில்லை. ஷெஃபீல்டின் சிறு கைவினைஞர் மரபில் பெரும்புகழ் பெற்ற ஸ்டான் ஷா, சிறுவனாகப் பட்டறைக்குள் நுழைந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் மடக்குக் கத்தி செய்தார். 2021-இல் தம் 94-ஆவது வயதில் மறைந்தார். அத்தகைய ஒருவருடன் மறைவது ஒரு மனிதர் மட்டுமன்று. எழுதி வைக்க முடியாத கைப்பழக்கமும்தான்.

பிழைத்த இரண்டு ஊர்கள்

எல்லா ஊர்களும் வீழ்ந்துவிடவில்லை. பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியான சவாயில் ஜோசஃப் ஒப்பினெல் என்பவர் 1890-இல் ஒரு மடக்குக் கத்தியை வடிவமைத்தார். மரப்பிடி, அலகு, ஓர் ஆணி, ஓர் உலோக வளையம் ஆகியவையே அதன் உறுப்புகள்; ஸ்பிரிங்கூட இல்லை. மரத்தின் இறுக்கமே அலகை நிறுத்தியது. 1897-இல் 1 முதல் 12 வரை எண்ணிட்ட பன்னிரண்டு அளவுகள் வந்தன. 1909-இல் முடிசூடிய கை என்ற முத்திரையை அவர் பதிவு செய்தார். 1955-இல் மார்செல் ஒப்பினெல் சுழற்றிப் பூட்டும் வளையத்தைச் சேர்த்தார். மற்றபடி, 130 ஆண்டுகளுக்கும் மேலாக அடிப்படை வடிவம் மாறவில்லை. உழவருக்கும் இடையருக்கும் கட்டுப்படியாகும் விலையில் செய்யப்பட்ட அக்கத்தி இன்றும் அங்கே சாமானியர் வாங்கக்கூடிய பொருளாகவே இருக்கிறது. பாலாடைக்கட்டியும் ரொட்டியும் அதனால் வெட்டப்படுவதால்தான் அது பிழைத்திருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் கதை வேறு வகையானது. 1884-இல் கார்ல் எல்ஸனர் ஷ்விஸ் மாநிலத்தில் ஒரு கத்திப் பட்டறையைத் தொடங்கினார். அது அப்போது ஏழ்மை மிகுந்த பகுதி. பிழைப்பு தேடி மக்கள் வெளிநாடு சென்றுகொண்டிருந்தார்கள். சுவிஸ் ராணுவத்தின் முதல் கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்தன. அந்த வேலை உள்நாட்டுக்கே கிடைக்க வேண்டும் என்பதற்காகச் சக கைவினைஞர்களை ஒன்றுசேர்த்த எல்ஸனர், 1891-இல் ராணுவத்துக்குக் கத்தி வழங்கத் தொடங்கினார். சோலிங்கனின் விலையோடு போட்டியிட இயலாமல் கடனில் மூழ்கினாலும் பின்வாங்கவில்லை. 1897-இல் அவர் பதிவு செய்த, பல கருவிகள் கொண்ட அதிகாரிகளின் கத்திதான் இன்று உலகம் அறிந்த சுவிஸ் கத்தி. தாய் விக்டோரியா 1909-இல் மறைந்தபின் அவர் பெயரையே நிறுவனத்துக்குச் சூட்டினார். 1921-இல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆயிற்று.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமான நிலையக் கடைகளிலிருந்து கத்திகள் நீக்கப்பட்டன. அந்நிறுவனத்தின் விற்பனை சரிந்தது. அப்போதும் ஆள்குறைப்புச் செய்யாமல், தொழிலாளர்களைப் பிற நிறுவனங்களுக்குத் தற்காலிகமாக அனுப்பி அது சமாளித்தது. 2024-இல், கத்தி தொடர்பான கட்டுப்பாடுகள் பல நாடுகளில் இறுகி வருவதால், அலகே இல்லாத கருவியை உருவாக்கி வருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. கத்தியில்லாத கத்தி! இதைப் படித்தபோது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

கருவியா, ஆயுதமா?

இங்கேதான் அந்த இளைஞரின் கேள்விக்குள் மறைந்திருந்த உண்மையான கேள்வி வருகிறது. ஒரு சமூகம் கத்தியைக் கருவியாகக் காண்கிறதா, ஆயுதமாகக் காண்கிறதா என்பதைப் பொறுத்தும் தொழிலின் தலைவிதி அமைகிறது.

ஜப்பானின் மிகி நகரில் 1890-களில் தோன்றிய ஹிகோனோகாமி என்ற மடக்குக் கத்தி, மடித்த உலோகத் தகட்டைப் பிடியாகக் கொண்ட மிக எளிய கருவி. பள்ளிச் சிறுவர்கள் அதை வைத்துப் பென்சில் சீவினார்கள், மூங்கிலில் பொம்மை செய்தார்கள். 1960 அக்டோபரில் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசனுமா இனெஜிரோவை 17 வயது இளைஞன் ஒருவன் மேடையிலேயே குத்திக் கொன்றான். அவன் கையில் இருந்தது குறுவாள். சிறுவர்களின் மடக்குக் கத்தி அன்று. ஆயினும், குழந்தைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் வலுப்பெற்றது. பென்சில் சீவும் இயந்திரமும் வகுப்பறைக்குள் வந்தது. பல பட்டறைகள் இருந்த மிகியில் இன்று அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமையுடன் எஞ்சியிருப்பது ஒரே ஒரு பட்டறை.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர், மடக்குக் கத்திக்குப் பெயர் பெற்ற ஊர். ஹிந்தித் திரைப்பட வில்லன்களின் கையில் 'ராம்பூரி' சென்று சேர்ந்தபின், அந்தக் கத்தியின் புகழும் கெட்ட பெயரும் ஒருசேர வளர்ந்தன. 1990-களில் 4.5 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுகளுக்கு மாநில அரசு தடை விதித்தது. தொழில் தேய்ந்தது, கைவினைஞர்கள் வேறு வேலை தேடினார்கள். 2023-இல் அவ்வூரின் ஒரு சந்திப்பில் 20 அடி நீள ராம்பூரிக் கத்தி ஒன்று நினைவுச் சின்னமாக நிறுவப்பட்டது. வாழும் தொழிலுக்கு யாரும் சிலை வைப்பதில்லை என்பதே அதைக் கேள்விப்பட்டபோது எனக்குத் தோன்றிய எண்ணம்.

கத்திக்குத்துச் செய்திகளை நாள்தோறும் படிக்கும் நாம் அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. பள்ளி மாணவர்கள் பைகளில் அரிவாள் கொண்டுவரும் செய்திகள் பெற்றோரின் நெஞ்சைப் பதறவைக்கின்றன. சட்டம் தேவை. ஆனால், அளவறிந்து பிரித்துப் பார்க்கும் சட்டம் தேவை. பிரிட்டனில் வெட்டுவிளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்க 1988-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அதைவிடப் பெரியதற்கு உரிய காரணம் காட்ட வேண்டும். ஜப்பானில் 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகைத் தக்க காரணமின்றி எடுத்துச் செல்லக் கூடாது. இந்தியாவின் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உடைய அலகுகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் மட்டுமே உரியவற்றுக்கு விலக்கு உண்டு. விமானம், மெட்ரோ ரயில், நீதிமன்றம் போன்ற இடங்களின் விதிகள் தனி. அவற்றை மதிப்பதே முறை. விமான நிலையத்தில் என் கத்தியைப் பறித்த இளைஞர் தம் கடமையைச் செய்தார்.

கருவியைக் கையில் கொடுத்து, அதை மதிக்கக் கற்றுக்கொடுப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே. கத்தியை மூடிக் கொடுக்க வேண்டும். உடலுக்கு எதிர்ப்புறமாகச் சீவ வேண்டும். மழுங்கிய கத்தியே கையை வெட்டும் என்பதால் கூர்மை காக்க வேண்டும். அரிவாள்மனையில் காய் நறுக்கவும், இடுப்பு முடிச்சிலிருந்து பாக்குவெட்டியை எடுத்துப் பாக்குச் சீவவும் கற்ற நம் பாட்டிமார் இவற்றையெல்லாம் யாரும் சொல்லாமலே அறிந்திருந்தார்கள். அவர்களை யாரும் 'இது எதற்கு?' என்று கேட்கவில்லை.

சேகரிப்பவரின் முரண்

இனி, என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். முப்பது ஆண்டுகளில் நான் 23 மடக்குக் கத்திகளைச் சேர்த்திருக்கிறேன். எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒரு மர இழுப்பறையில் வைத்திருக்கிறேன். சேகரிப்பாளர்களின் உலகில் ஒரு கத்தியின் விலை, அது பயன்படுத்தப்படாமல் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஒருமுறை சாணை பிடித்தால் விலை சரியும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள கேஸ் நிறுவனம் 1970 முதல் அலகின் அடியில் புள்ளிகள் பொறித்து, ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்து, தயாரிப்பு ஆண்டை அறியும்படி செய்தது. அந்தப் புள்ளிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் எண்ணிப் பார்ப்பதிலேயே மாலைப் பொழுதைக் கழிப்பவர்கள் உண்டு. அவர்களுள் நானும் ஒருவன்.

இந்த ஆர்வத்தால் நன்மையும் விளைகிறது. நாள்தோறும் எடுத்துச் செல்வோர் குறைந்தபின், பல பட்டறைகளின் அடுப்பு அணையாமல் காப்பது சேகரிப்பாளர்களின் பணமே. ஆனால், அந்தப் பணம் தொழிலின் போக்கையும் மாற்றுகிறது. குறைந்த எண்ணிக்கையில், அரிய பிடியுடன், அதிக விலைக்குச் செய்யும்படி பட்டறையைத் தூண்டுகிறது. இந்தியக் கடமானின் கொம்பு பதித்த கத்திகளையே பாருங்கள். 1990-களின் இறுதியில் அக்கொம்பின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தபின், எஞ்சிய இருப்புக்கு மதிப்பு ஏறியது. ஷெஃபீல்டின் ஜோசஃப் ராஜர்ஸ் நிறுவனம் 1822-இல் ஆண்டுக்கு ஓர் அலகு என்று 1,822 அலகுகள் கொண்ட ஒரு காட்சிக் கத்தியைச் செய்தது. பிற்காலத்தில் அலகுகள் மேலும் சேர்க்கப்பட்டன. வியக்கத்தக்க வேலைப்பாடுதான். ஆனால், அதைச் சட்டைப் பையில் வைக்க முடியாது. அதனால் ஒரு கொய்யாப்பழத்தையும் நறுக்க முடியாது.

ஆடம் ஸ்மித் பயன் மதிப்பையும் பரிமாற்ற மதிப்பையும் வேறுபடுத்தினார். தண்ணீருக்குப் பயன் மிகுதி, விலை குறைவு. வைரத்துக்கு விலை மிகுதி, பயன் குறைவு. இதை நூற்றுக்கணக்கான முறை கரும்பலகையில் எழுதிய நான், என் இழுப்பறையில் அதையே மெய்ப்பித்துக்கொண்டிருந்தேன். விமான நிலையத்தில் இழந்த கத்தியின் அலகு பலமுறை தீட்டித் தேய்ந்திருந்தது. கொம்புப் பிடியில் கீறல்கள். சந்தையில் அதற்கு யாரும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டார்கள். ஆனால், எத்தனையோ ரயில் பயணங்களில் மாம்பழம் நறுக்கியது அது. தேர்வுத்தாள் கட்டுகளின் கயிற்றை அறுத்தது அது. என் மகளின் பள்ளிப் பென்சில்களைச் சீவியது அது. விலையுள்ள 23 கத்திகள் வீட்டில் பத்திரமாக இருந்தன. மதிப்புள்ள ஒன்று தொட்டிக்குள் போயிற்று.

கைவினைப் பொருள்களைக் காக்க வேண்டும் என்று நாம் பேசும்போதெல்லாம் கண்காட்சி, அருங்காட்சியகம், விருது, புவிசார் குறியீடு என்றே சிந்திக்கிறோம். இவை தேவையானவையே. ஆனால், எந்தத் தொழிலும் அதன் பொருள் அன்றாடம் தேயும்போதுதான் வாழ்கிறது. தேய்ந்தால்தான் சாணைக்காரருக்கு வேலை. உடைந்தால்தான் கொல்லருக்கு வேலை. பிறர் கையில் பார்த்தால்தான் அடுத்தவருக்கு ஆசை. கைத்தறி வேட்டியைப் பீரோவில் மடித்து வைத்து நெசவாளரைக் காப்பாற்ற முடியாது, உடுத்த வேண்டும். சவாயின் கத்தி பிழைத்ததும் மிகியின் கத்தி தேய்ந்ததும் இந்த ஒரு பாடத்தையே சொல்கின்றன.

அந்தப் பயணம் முடிந்து வீடு திரும்பிய மறுநாள், இழுப்பறையைத் திறந்தேன். 1994-இல் வாங்கிய இரட்டையரில் இரண்டாவது கத்தி, வாங்கிய நாளின் மெருகோடு துணிக்குள் கிடந்தது. இருபத்தைந்து ஆண்டுகளில் அதை ஒருமுறைகூட நான் பயன்படுத்தியதில்லை. நகக்குழியில் விரல் வைத்துத் திறந்தேன். சாப்பாட்டு மேசையில் இருந்த கொய்யாப்பழத்தை நான்காக நறுக்கினேன். அந்த ஒரு நொடியில் அதன் சந்தை விலை பாதியாகக் குறைந்திருக்கும். ஒரு துண்டை எடுத்துக்கொண்ட என் மனைவி, "இத்தனை நாளா இதை எதுக்கு வச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

விமான நிலையத்து இளைஞரின் கேள்வியைவிட இது கடினமான கேள்வி. அதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை. அலகைத் துடைத்து, மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இப்போது அதன் அலகிலும் நீலக் கறுப்பு படியத் தொடங்கியிருக்கிறது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).